வண்டியை வாங்க முதல் இடத்தைப் பாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையில் நடமாடும் உணவுக் கடை தொடங்குவோருக்கு

பட்டா எனும் சிறு லொறியொன்றை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, தகரம் அடித்து, பெயின்ட் பூசி, ரொட்டிக் கல்லும் கண்ணாடிப் பெட்டியும் பூட்டி முடித்த பிறகுதான் பலர் "அனுமதி எடுக்க எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அந்த நேரம் கையிலிருந்த காசு முக்கால்வாசி போயிருக்கும். அது கட்டாரில் உழைத்த காசாகவோ, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்த காசாகவோ இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் இடம், அடுத்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), அதற்குப் பிறகுதான் வெல்டிங் கடை. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்து, இரண்டு தடவை செலவழிக்க வேண்டி வரும்.

இடம் யாருடைய எல்லை?

உணவு விற்க அனுமதி தருவது கச்சேரி (மாவட்டச் செயலகம்) அல்ல, பிரதேச செயலகமும் அல்ல. உள்ளூராட்சி சபைதான். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகை. ஒரு சபையின் அனுமதிப்பத்திரம் அந்தச் சபையின் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். எங்கள் பக்கத்தில் இதை மறந்தால் நிச்சயம் சிக்கல், ஏனென்றால் எல்லைகள் அவ்வளவு நெருக்கம். கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஏ4 வீதியால் தெற்கே போய்ப் பாருங்கள். கல்லடியும் நாவற்குடாவும் மட்டக்களப்பு மாநகர சபை. சில நிமிடத்தில் காத்தான்குடி நகர சபை. அதைக் கடந்தால் ஆரையம்பதி, அது மண்முனைப்பற்று பிரதேச சபை. களுவாஞ்சிகுடிப் பக்கம் மண்முனை தென் எருவில்பற்று. பெரியநீலாவணையில் மாவட்டமே மாறிக் கல்முனை மாநகர சபை வந்துவிடும். இன்னும் போனால் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று பிரதேச சபைகள், பிறகு அக்கரைப்பற்று மாநகர சபை. ஒரே றோட்டு, ஆனால் சபைகள் வேறு, உபவிதிகள் வேறு, கட்டணம் வேறு.

ஆகவே ஒரு தாளை எடுத்து, எந்தெந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே சபையின் பெயரைப் போடுங்கள். பட்டியலில் மூன்று சபை வந்தால் மூன்று அனுமதி தேவை. தொடக்கத்தில் ஒரு சபைக்குள் நின்று பிடிப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நிலம் யாருடையது?

சபையின் எல்லை வேறு, நிற்கிற நிலத்தின் சொந்தக்காரர் வேறு. ஏ4, திருகோணமலைக்குப் போகும் ஏ15, செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் ஏ5 போன்ற ஏ, பி தரப் பெரிய வீதிகளும் அவற்றின் ஓரமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. உள் வீதிகள் சபையுடையவை. சபை அனுமதி தந்துவிட்டது என்பதற்காக ஏ தர வீதியின் ஓரத்தில் வண்டியை நிரந்தரமாக நிறுத்திவிட முடியாது. வீதி அகலிப்பு, வடிகான் வேலை என்று வந்தால் முதலில் எழும்ப வேண்டியவர் நீங்கள்தான். சந்தி வளைவு, பாதசாரிக் கடவை, பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி வாசல் ஆகிய இடங்களைப் பட்டியலிலிருந்து இப்போதே வெட்டிவிடுங்கள். அங்கே பொலிஸார் ஒரு நாளும் நிற்க விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கடற்கரை என்றால் இன்னொரு கந்தோர் சேரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். வாவி கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் அந்த வலயம் உள்ளே இன்னும் தூரம் போகும். வண்டி வந்து விற்றுவிட்டுப் போவது ஒன்று. மேசை கதிரை போட்டு, கூரை இறக்கி, சிமெந்து பூசி நிலையாக இருப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்ய நினைத்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் வைக்காதீர்கள். பாசிக்குடாவில் இதோடு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் நல்ல மாற்று வழி ஒன்று இருக்கிறது: தனியார் காணி. வீதியோரமாக, முன்னால் வெற்றிடம் உள்ள வீட்டு வளவு, மாலையில் பூட்டிவிடும் ஹார்ட்வெயார் கடை முற்றம், பெற்றோல் செட்டிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் உள்ள வெறும் காணி. சொந்தக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அது உறுதிப் பத்திரமுள்ள காணியா, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியா, பெயர் யாருடையது என்றும் கேளுங்கள். வழக்கில் இருக்கும் காணிக்கு ஒருவர் தந்த கடிதத்தை மற்றவர் வந்து கிழிப்பார். வாடகை கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் தண்ணீரும், கழிப்பறையும், குப்பை வைக்க மூலையும் கிடைக்கும். பி.எச்.ஐ. கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதுவே பதில்.

வண்டியை வெட்ட முதல் பி.எச்.ஐ.யைச் சந்தியுங்கள்

உங்கள் பகுதிக்கான சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். அங்கேதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருப்பார்கள். பகல் முழுக்க அவர்கள் வெளிக்களத்தில் நிற்பதால் காலையிலேயே போவது புத்தி. போகும்போது வெறுங்கையுடன் போகாதீர்கள். ஒரு தாளில் வண்டியின் நீளம், அகலம், அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, சமைத்த சாமான் எங்கே, காசு வாங்குபவர் எங்கே என்று வரைந்து கொண்டு போங்கள். அழகாக வரையத் தேவையில்லை. அந்தப் படத்தில் அவர் பேனையால் போடும் இரண்டு கோடு உங்களுக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்தும்.

அவர் என்னத்தைப் பார்ப்பார்? முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் சுத்தமான தண்ணீர், மூடியோடும் பைப்போடும் உள்ள தாங்கியில் இருக்க வேண்டும். வாளியில் கோப்பை விட்டு அள்ளும் கதை சரிவராது. கை கழுவ ஒரு பேசின், பாத்திரம் கழுவ வேறொன்று, இரண்டிலிருந்தும் வடியும் அழுக்குத் தண்ணீர் போய்ச் சேர அடியில் மூடிய தாங்கி. அந்தத் தாங்கி, சுத்தத் தண்ணீர்த் தாங்கியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நிரம்பி வழிந்து, கொழுப்புத் தண்ணீர் றோட்டு வடிகானுக்குள் போனால் அயலவர் முறைப்பாடு முதலில் வரும், அனுமதி ரத்து அதன் பின்னால் வரும். கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் குளோரின் போடும் அளவை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேற்பரப்பு. சமையல் மேசை துருப்பிடிக்காத உருக்குத் தகடாக இருந்தால் பேச்சே இல்லை. பலகை, பிளைவூட் எல்லாம் எண்ணெயையும் ஈரத்தையும் குடித்துக் கரப்பானுக்கு வீடாகிவிடும். தரையில் மூலைகளை வளைத்து மூடினால் கழுவுவது சுலபம். விற்கும் உணவு கண்ணாடிப் பெட்டிக்குள், வீதிப் புழுதி படாமல் இருக்க வேண்டும். பச்சை இறைச்சி, மீன் வெட்டும் பலகையும் கத்தியும் வேறு, சமைத்ததை வெட்டுவது வேறு. கொத்து ரொட்டி போடுபவர்கள் இதைக் கவனியுங்கள்: கோழியைப் பிய்த்த கையால் ரொட்டியைத் தொடுவது பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் வயிற்றோட்டம் தொடங்குவது அங்கேதான். சூட்டில் வைக்கும் கறி 60 பாகை செல்சியசுக்கு மேலே, குளிரில் வைக்கும் சாமான் 5 பாகைக்குக் கீழே. நடுவில் உள்ள வெப்பத்தில்தான் கிருமி பெருகும். மட்டக்களப்பு வெயிலில் மயோனீஸ் போத்தலைத் தட்டில் நிற்க வைத்துவிட்டு மாலை முழுக்க விற்பதை நான் ஒரு போதும் ஆதரிக்க மாட்டேன்.

பலர் மறக்கும் விஷயம் வீட்டுக் குசினி. வண்டியில் சுடுவது அப்பமாக இருக்கலாம். ஆனால் மாவைக் குழைத்ததும், கறியைக் காய்ச்சியதும், ரோல்ஸைச் சுருட்டியதும் வீட்டில்தானே? அப்படியென்றால் அந்தக் குசினியும் உணவு தயாரிக்கும் இடம்தான், அதையும் பி.எச்.ஐ. பார்க்க வருவார். ஆடு கட்டியிருக்கும் பத்திக்குப் பக்கத்தில் அடுப்பு இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். உணவு நிலையங்களைப் பரிசோதிக்க அவர்களிடம் எச் 800 என்ற படிவம் உண்டு. அதில் புள்ளி போட்டு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள். அந்தப் படிவத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி வாசித்துப் பாருங்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே காட்டும் பரீட்சை இது ஒன்றுதான்.

வண்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், நீங்கள் உட்பட, மருத்துவப் பரிசோதனை வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே வழி சொல்வார்கள். நெருப்புக் காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் கேளுங்கள். கையில் புண், வயிற்றோட்டம், செங்கண்மாரி உள்ளவர் அது மாறும் வரை உணவைத் தொடக் கூடாது. சம்பளம் வெட்டுப்படும் என்று பயந்து ஒருவர் வருத்தத்தை மறைத்தால் நட்டப்படுவது முழு ஊரும்தான். அந்த நாளுக்கு அரைச் சம்பளமாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு உணவு மாதிரி எடுக்கவும், பழுதானதைக் கைப்பற்றவும், நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் உண்டு. அதற்காக அவரைக் கண்டு ஒளிந்து திரிய வேண்டாம். ஆரம்பத்திலேயே படத்தோடு போய் நின்றவரைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம்தான் இருக்கும்.

இப்போது வண்டி

தள்ளுவண்டிக்குப் போக்குவரத்துப் பதிவு தேவையில்லை. மோட்டார் வாகனம் என்றால் அமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெட்டிய பிறகு அல்ல, வெட்ட முதல். திணைக்களத்துக்கு மாவட்ட அலுவலகம் உண்டு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லாமல் அங்கேயே விசாரிக்கலாம். வாகனம் இன்னும் லீசிங்கில் இருந்தால், லீசிங் கம்பனியின் எழுத்து மூலச் சம்மதமில்லாமல் கட்டரை வைக்காதீர்கள். வருடாந்த வருவாய் அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் வழமை போல. காப்புறுதிக் கம்பனிக்கு "இதற்குள் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிறேன்" என்று சொல்லி, அதை எழுத்தில் சேர்ப்பியுங்கள். சொல்லாமல் விட்டால் தீப்பிடித்த அன்று அவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் மேலே புகை போக்கி இருந்தாலும் சிலிண்டர் அறையின் அடிப்பக்கத்தில் துவாரம் இருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி, பட்டி போட்டு இறுக்கி, சமைப்பவரின் காலடியிலிருந்து பிரித்து வையுங்கள். தீயணைப்புக் கருவி வாசல் பக்கம் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் நெருப்பைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டும்.

பத்திரங்கள்

உங்கள் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. வண்டியில் வேறு பெயர் எழுதினால், தொடங்கி 14 நாட்களுக்குள் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். இது பிரதேச செயலக வேலை. ஜி.எஸ். (கிராம சேவகர்) அறிக்கை கேட்பார்கள். பெயர் தேவையோ இல்லையோ பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், வங்கிக் கணக்கு, கடன் இரண்டுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பிறகு சபைக்குப் போய் வியாபார அனுமதிப்பத்திர விண்ணப்பம் எடுங்கள். அடையாள அட்டைப் பிரதி, பெயர்ப் பதிவு, வாகனப் பத்திரங்கள், காணிச் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்றிதழ், பி.எச்.ஐ. சிபாரிசு இவ்வளவையும் ஒரே கோவையில் போட்டுக் கொண்டு போனால் இரண்டாம் நடை குறையும். எந்த இடத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன உணவு என்று விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். "நடமாடும் வியாபாரம்" என்று மொட்டையாக எழுதினால் பின்னால் நின்று வாதாட ஒன்றும் இருக்காது. கட்டணம் வர்த்தமானியில் வந்த தொகைதான், அதைச் சபையின் காசாளரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது பழகினால் மாதா மாதம் தொடரும்.

உங்கள் விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு, அம்பாறை நகரிலும் கூட. விண்ணப்பம் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தாலோ, உபவிதியைக் காட்ட மறுத்தாலோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் சொல்ல வேண்டும். எந்தக் கந்தோரில் எதைக் கேட்பது என்று குழம்பினால் 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

தொடங்கிய பிறகு வரும் சட்டங்கள்

விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குத் தெரியும்படி தொங்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். இது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் சட்டம். கச்சான், பழம், சிப்ஸ் என்று நிறுத்து விற்றால் தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும்.

பொதி செய்யும் சாமானில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. 2023 ஒக்டோபர் 1இலிருந்து ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. மொத்தக் கடையில் பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். வாழை இலை எங்களிடம் இல்லாத பொருளா? வடையைப் பழைய பேப்பரிலும் பரீட்சைத் தாளிலும் சுற்றுவதையும் விடுங்கள், அச்சு மை எண்ணெயோடு வயிற்றுக்குள் போகிறது.

இளநீர் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெட்டிய கோம்பையில் மழைத் தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும். நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது, வழக்கும் போடுவார்கள். கோம்பையைப் பிளந்து, அன்றன்றே ஏற்றி அனுப்ப ஒழுங்கு செய்யுங்கள்.

உதவிக்கு ஆள் வைத்தால் 16 வயதுக்குக் குறைந்தவரை வைக்கவே கூடாது, மச்சானின் மகன் என்றாலும்தான். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவரது சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரு ஆள்தானே என்று விட்டுவிடாதீர்கள், வருடங்கள் கழித்து மொத்தமாகத் தண்டத்தோடு வரும்.

திருவிழாவும் சீசனும்

மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், திருக்கோவில் தீர்த்தம் போன்ற நாட்களுக்கு உங்கள் வழமையான அனுமதிப்பத்திரம் போதாது. அந்த நாட்களுக்குத் தற்காலிகக் கடை இடங்களைச் சபையோ ஆலய பரிபாலன சபையோ பிரித்துக் கொடுக்கும். விசாரிக்க வேண்டியது கொடியேற்றத்துக்குப் பல வாரம் முதல், கொடி ஏறிய பிறகு அல்ல. கோயில் வீதியில் மச்சம் (மீன், இறைச்சி) விற்கக் கூடாது என்பதை யாரும் எழுதித் தர மாட்டார்கள், நாமே தெரிந்து நடக்க வேண்டும். அதேபோல காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் விற்பவர்கள் கோழி, இறைச்சி எங்கே வாங்கியது என்று கேட்டால் காட்டப் பில் வைத்திருங்கள். ஹலால் என்று பலகையில் எழுதினால் அது முழுதும் உண்மையாக இருக்க வேண்டும்.

அறுகம்பையில் வெள்ளைக்காரர் கூட்டம் மே தொடக்கம் ஒக்டோபர் வரை. அந்த நேரம் பொத்துவில் பிரதேச சபையில் இடத்துக்குப் போட்டி அதிகம், ஆகவே மாசி, பங்குனியிலேயே விண்ணப்பியுங்கள். எங்கள் மழைக்காலம் கார்த்திகையிலிருந்து தை வரை. அந்த மாதங்களில் கல்லடிக் கடற்கரையில் மாலை வியாபாரம் படுத்துவிடும், வெள்ளம் வந்தால் வண்டி வெளியே எடுக்கவும் முடியாது. கடன் தவணையைப் போடும்போதே அந்த மூன்று மாதத்தைக் கணக்கில் எடுங்கள்.

அனுமதிப்பத்திரம் மார்கழி 31 உடன் முடியும், எந்த மாதத்தில் எடுத்திருந்தாலும். அதாவது ஐப்பசியில் எடுத்தவருக்கும் தையில் மறுபடி கட்ட வேண்டும். தொடங்கும் நாளை உங்கள் கையால் தீர்மானிக்க முடியுமென்றால், வருடக் கடைசியில் வண்டியைத் தயார் செய்து, தையில் அனுமதி எடுத்து, மழை விட்டதும் இறங்குங்கள். பத்திரங்களின் மூலப் பிரதி வீட்டில் இருக்கட்டும். வண்டியில் பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண்ணெய் தெறிக்காத இடத்தில், நீங்கள் இல்லாத நேரம் நிற்பவருக்கும் தெரியும்படி மாட்டி வையுங்கள்.